உங்கள் ஆய்வு முடிவை உலக வேதிப்பொருள் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுபோவது எப்படி

மண்ணிலோ மீனிலோ தாய்ப்பாலிலோ ஒரு நச்சு வேதிப்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்து, கட்டுரையும் வெளியிட்டாகிவிட்டது. அடுத்து என்ன? பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கட்டுரை வந்துவிட்டதே, அரசுகள் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். பார்க்காது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வரும் கட்டுரைகளை எந்த அமைச்சகமும் உட்கார்ந்து படிப்பதில்லை. அவர்கள் முன்னால் இருப்பது ஒரு படிவம், அதில் சில கேள்விகள், ஒரு கடைசித் தேதி. உங்கள் தரவு அந்தக் கேள்விக்கு, அந்தத் தேதிக்குள் பதில் சொன்னால் உள்ளே போகும், இல்லாவிட்டால் வெளியிலேயே நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

முதலில் எந்தக் கதவு, அதாவது எந்தப் பன்னாட்டு உடன்படிக்கை என்று பாருங்கள். பாதரசம் என்றால் 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை. அபாயகரமான கழிவு எல்லை தாண்டிப் போகிறது என்றால் பாசெல். வணிகத்தில் உள்ள பூச்சிக்கொல்லியோ தொழில்துறை வேதிப்பொருளோ, இறக்குமதி செய்யும் நாட்டுக்குத் தகவல் போக வேண்டும் என்றால் ரோட்டர்டாம். சிதையாமல், உடலில் சேர்ந்து, தூர தேசம்வரை பரவுகிறது என்றால் ஸ்டாக்ஹோம். கதவு தவறினால் நல்ல ஆய்வும் வீண்தான்.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் அறிவியலுக்கு மிகத் தெளிவாக இடம் ஒதுக்கியிருப்பது அதுதான். அரசுகள் நியமிக்கும் 31 நிபுணர்கள் கொண்ட மீளாய்வுக் குழு ஒன்று உண்டு. ஒரு நாடு ஒரு பொருளை முன்மொழிந்தால் குழு முதலில் கேட்பது இதைத்தான்: நீரில் அரை ஆயுள் (பாதியளவு சிதைய ஆகும் காலம்) இரண்டு மாதத்துக்கு மேலா, மண்ணில் அல்லது வண்டலில் ஆறு மாதத்துக்கு மேலா? நீர்வாழ் உயிரிகளின் உடலில், சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட 5000 மடங்குக்கு மேல் திரள்கிறதா? வெளியேறிய இடத்துக்கு வெகுதூரத்தில் கிடைத்திருக்கிறதா, காற்றில் பரவுவதென்றால் அரை ஆயுள் இரண்டு நாளைத் தாண்டுகிறதா? தீங்குக்குச் சான்று என்ன? அளவுகோல்கள் இவ்வளவு கறாராக இருந்தாலும், எண் சரியாகப் பொருந்தாதபோது வேறு சான்றுகளை வைத்து வாதாட உடன்படிக்கையே இடம் தருகிறது. யூவி-328 நல்ல உதாரணம். பிளாஸ்டிக் வெயிலில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் அது. காற்றில் மட்டுமல்ல, கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் துண்டுகளோடும் அவற்றை விழுங்கும் கடற்பறவைகளோடும்கூட அது பயணிக்கிறது என்ற சான்று குழுவின் விவாதத்தில் முக்கிய இடம் பிடித்தது. 2020-இல் சுவிட்சர்லாந்து முன்மொழிந்தது, 2023-இல் உடன்படிக்கை கட்டுப்படுத்தும் பொருள்களின் பட்டியலில் ஏறியது. இந்த உலகத்தில் இது வேகம்தான், சிரிக்காதீர்கள்.

சரி, முன்மொழிய உங்களால் முடியுமா? முடியாது, உறுப்பு நாடுதான் செய்ய வேண்டும். ஆனால் முன்மொழிவு முதல் கட்டத்தைத் தாண்டியதும் உடன்படிக்கையின் செயலகம் நாடுகளிடம் மட்டுமல்லாமல் பார்வையாளர்களிடமும் (கூட்டங்களில் கலந்துகொள்ளப் பதிவு செய்த அமைப்புகள்) தகவல் கேட்கும், வரைவு அறிக்கைக்குக் கருத்தும் கேட்கும். உள்ளே போவதற்கான நேரம் அதுதான். பார்வையாளராகப் பதிவு செய்த ஏதாவது ஓர் அமைப்பு வழியாகவோ, உங்கள் நாட்டின் அதிகாரபூர்வத் தொடர்பாளர் வழியாகவோ அனுப்பலாம். தொடர்பாளரின் பெயரும் முகவரியும் உடன்படிக்கையின் இணையதளத்திலேயே இருக்கும். அவசரம் வந்த பிறகு போய் அறிமுகம் செய்துகொள்வதைவிட, முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுவைப்பது நல்லது.

அனுப்பும்போது கட்டுரையை அப்படியே இணைத்துவிட்டு ஒதுங்காதீர்கள். இரண்டு பக்கம் எழுதுங்கள், கேள்வி வாரியாக. பொருளின் சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தரப்படும் தனி அடையாள எண்), மாதிரி எடுத்த இடம், தேதி, எத்தனை மாதிரி, கருவியால் கண்டறிய முடிந்த குறைந்தபட்ச அளவு எவ்வளவு, அதற்குக் கீழே வந்தவற்றை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள், அளவு ஈர எடைக்கா (உலர்த்தாத மாதிரியின் மொத்த எடை) கொழுப்பு எடைக்கா (அதிலுள்ள கொழுப்பின் எடை மட்டும்), எல்லாம் வேண்டும். கடைசியில் சொன்ன அந்த ஒன்று விடுபட்டால் வேறு ஆய்வோடு ஒப்பிடவே முடியாது, வரைவு எழுதுபவர் உங்களை ஓரங்கட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எதுவும் கிடைக்காத மாதிரிகளையும் சொல்லுங்கள். இன்னொன்று, நிச்சயமின்மையை மறைக்கவும் வேண்டாம், அதற்குள் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். 'மேலும் ஆய்வு தேவை' என்று பழக்கத்தில் எழுதும் ஒரு வரியை எதிர்த்தரப்பு அழகாக மேற்கோள் காட்டும். முழுமையான அறிவியல் நிச்சயம் இல்லை என்பதற்காக முன்மொழிவை நிறுத்தக் கூடாது என்று உடன்படிக்கையே சொல்கிறது. ஆகவே எது உறுதி, எது உறுதியில்லை, அந்த உறுதியின்மை முடிவை மாற்றுமா என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள். யாரிடம் நிதி வாங்கினீர்கள் என்பதையும் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், பின்னால் வேறு யாரோ கிளப்புவதைவிட அதுவே மேல்.

ரோட்டர்டாமில் கதை வேறு. அங்கே ஒரு நாடு எடுத்த தடை முடிவு அந்த நாட்டு நிலைமையை வைத்தே எடுக்கப்பட்டதா என்று பார்ப்பார்கள், அதனால் உள்ளூர்ப் பாதிப்புத் தரவுக்கு மதிப்பு அதிகம். வளரும் நாடு ஒன்றில் ஒரு பூச்சிக்கொல்லிக் கலவையைத் தெளிப்பவர்கள் பாதிக்கப்பட்டால், அந்தச் சம்பவங்களின் பதிவை வைத்து அந்த ஒரு நாடே முன்மொழியலாம். ஆனால் பட்டியலில் சேர்க்க எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிரைசோடைல் ஆஸ்பெஸ்டாஸ் (வெள்ளைக் கல்நார்) 2006 முதல் அங்கே மாட்டிக்கொண்டிருப்பது அதனால்தான், அறிவியல் போதாமல் அல்ல.

அப்புறம் புதிய அறிவியல்-கொள்கைக் குழு. காலநிலைக்கு 1988-இலும் பல்லுயிருக்கு 2012-இலும் வந்த மாதிரி அமைப்பு ஒன்று வேதிப்பொருள், கழிவு, மாசு மூன்றுக்கும் வேண்டும் என்று 2022-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை தீர்மானித்தது. இழுபறிக்குப் பிறகு 2025 ஜூனில் உருகுவேயின் புன்டா டெல் எஸ்தேயில் அது உருவானது. இது எதையும் தடை செய்யாது, கொள்கை இப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லாது. இருக்கிற அறிவைத் திரட்டி மதிப்பிடுவதும், இனி வரப்போகும் சிக்கலை முன்கூட்டியே பார்ப்பதும், அறிவைப் பகிர்வதும், திறன் வளர்ப்பதும்தான் வேலை. எந்த உடன்படிக்கையிலும் சரியாகப் பொருந்தாத பொருளை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நிபுணர்களுக்கான அழைப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், வரைவுகளுக்குக் கருத்து எழுதும் வேலையையும் சின்னதாக நினைக்காதீர்கள்.

பட்டியலில் ஏறியதும் விஞ்ஞானிகள் கலைந்துவிடுகிறார்கள், அது பெரிய தவறு. விலக்குகள் இருக்கும். ஸ்டாக்ஹோமில் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான விலக்கு பொதுவாக ஐந்து ஆண்டில் காலாவதியாகும், நீட்டிக்கச் சொல்லிக் கோரிக்கையும் வரும். அப்போது தேவைப்படுவது மாற்றுப் பொருள் வேலை செய்கிறதா, அதுவும் நச்சா என்ற தரவு. கூடவே, உடன்படிக்கை பலன் தந்ததா என்று பார்க்கக் காற்றிலும் தாய்ப்பாலிலும் இரத்தத்திலும் ஆண்டுக்கணக்கில் அளக்கிறார்கள். எனவே அதே இடத்தில் அதே முறையில் மாதிரி எடுப்பதை நிறுத்தாதீர்கள், மீந்த மாதிரிகளை உறைய வைத்து லேபிள் ஒட்டி வைத்திருங்கள். இன்று பெயர்கூடத் தெரியாத ஒரு பொருளின் ஏற்ற இறக்கத்தைப் பின்னால் அதிலிருந்துதான் அளக்க முடியும்.