மைன்கிராஃப்ட்டில் கூட்டாக ஆடும்போது எங்கே சொதப்புகிறோம்

கட்டைகளைத் தோண்டியும் அடுக்கியும் ஆடும் வீடியோ விளையாட்டு மைன்கிராஃப்ட். நாலு பேர் சேர்ந்து அதில் தொடங்கும் உலகத்தில் முதல் சண்டை பெரும்பாலும் பெட்டியால்தான் வரும். ஒருவர் தோண்டிச் சேர்த்த இரும்பை இன்னொருவர் கேட்காமல் எடுத்து வாளி செய்துவிடுவார். பொதுப் பெட்டி எது, சொந்தப் பெட்டி எது என்று முதல் நாளே பலகை வைத்துவிடுங்கள். பின்னால் எண்டர் பெட்டி செய்யும் வசதி வந்தால் கவலையில்லை. அதை யார் திறந்தாலும் அவரவர் பொருள்தான் தெரியும்.

அதற்கும் முன்பு பார்க்க வேண்டியது பதிப்பு. கணினிக்கான ஜாவா பதிப்பில் இருப்பவரும் போனிலோ எக்ஸ்பாக்ஸிலோ பெட்ராக் என்ற மற்றொரு பதிப்பை ஆடுபவரும் நேரடியாக ஓர் உலகத்தில் சேர முடியாது. கூட்டத்தில் ஒருவர் போனில் ஆடினாலும் எல்லோரும் பெட்ராக்குக்கு வந்துவிடுவதே எளிது. அப்புறம், உலகம் யாருடைய கருவியில் இருக்கப்போகிறது? ஒருவர் தன் போனில் திறந்து மற்றவர்களை அழைத்தால், அவர் வெளியேறியதும் எல்லோரும் வெளியேதான். அவருக்குப் பரீட்சை வந்தால் மற்றவர்களுக்கும் லீவு! உலகத்தை எப்போதும் இணையத்தில் திறந்துவைக்கும் ரெல்ம்ஸ் மாதிரிக் கட்டண ஏற்பாடோ தனி சர்வரோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் அவ்வப்போது உலகத்தை நகல் எடுத்து வையுங்கள்.

ஊர் சுற்றுவதில் இருக்கும் தவறு பலருக்கும் தெரிவதில்லை. ஆளுக்கொரு திசையில் முதல் வாரமே ஓடுவார்கள். ஒருவர் கால் பட்ட பகுதியை விளையாட்டு அன்றைய பதிப்பின்படி உருவாக்கிச் சேமித்துவிடும். பின்னால் வரும் அப்டேட்டின் புது நிலங்கள் யாரும் போகாத இடங்களில்தான் முளைக்கும். 2023-இல் செர்ரித் தோப்புகள் வந்தபோது, நாலா பக்கமும் சுற்றிமுடித்த பழைய உலகங்களில் அவற்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருந்தது. ஒரு திசையையாவது தொடாமல் விடுங்கள். போகிற திசையில், நிற்கும் இடத்தைக் காட்டும் ஆயத்தொலைவு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ராக்கில் அதை அமைப்புகளில் நாமே இயக்க வேண்டும்.

யாராவது செத்தால் ‘நான் இங்கேயே காவல் நிற்கிறேன், நீ ஓடி வா’ என்பது நல்ல மனசுதான், ஆனால் தப்பு. கீழே சிதறிய பொருள்கள் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். அருகில் யாருமே இல்லாமல் அந்தப் பகுதி இயங்காதிருந்தால் அந்தக் கணக்கும் நின்றுவிடும். நீங்கள் பக்கத்தில் நின்றால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று அள்ளிப் பத்திரமாக வையுங்கள், இல்லையென்றால் விலகிப் போங்கள்.

கட்டுவதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். ஒரே மாளிகையை நாலு பேர் கட்டினால் அது யாருக்கும் பிடிக்காது. ஆளுக்கொரு மனை பிரித்துக்கொண்டு, சாலையும் கிடங்கும் மட்டும் பொதுவாக இருக்கட்டும். மர வீட்டுக்குள் லாவா அடுப்பு வேண்டாம். தீ பக்கத்து மனைக்கும் தாவும்.

போர்ட்டல் என்ற வாசல் வழியாக நுழையும் நெருப்பு உலகமான நெதருக்குப் போகும்போது, தீ மூட்ட ஆளுக்கொரு சிக்கிமுக்கி அவசியம். அங்கே பறக்கும் காஸ்ட் என்ற அரக்கனின் தீப்பந்து வெடித்தால் போர்ட்டல் அணையும், மூட்ட ஆளில்லாமல் எல்லோரும் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். அங்கே கட்டில் போட்டுப் படுத்தால் அது வெடிக்கும், பக்கத்தில் நிற்கும் நண்பருக்கும் சேர்த்து. இவ்வளவு ஆபத்து இருந்தாலும் பாதை போட அதுதான் சரியான இடம். நெதரில் 100 கட்டை நடந்தால் வெளியே 800 கட்டை தூரம். தள்ளித் தள்ளி வீடு கட்டியவர்களை இணைக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

கடைசியாக, எண்ட் என்ற உலகத்தில் இருக்கும் பெரிய எதிரியான எண்டர் டிராகன். ஆர்வக்கோளாறில் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகத் தனியே போய்க் கொன்றுவிடுவார். டிராகனை மறுபடி வரவழைக்கலாம், ஆனால் அதன் முட்டை முதல் முறை மட்டும்தான் கிடைக்கும். எல்லோரும் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். பறக்க உதவும் எலிட்ரா என்ற இறக்கையும் எண்டில் மிதக்கும் கப்பல்களில், கப்பலுக்கு ஒன்றுதான் இருக்கும். முதல் கப்பல் யாருக்கு என்று புறப்படுவதற்கு முன்பே சீட்டுக் குலுக்கிவிடுங்கள்.