லிங்க் ரொம்பினாலும் பிஜிபி விழாம பாத்துக்கறது எப்படி

பெங்களூரு மாரத்தஹள்ளி பக்கம் எங்க பிராஞ்ச் ஆபிஸ்ல தினம் ராத்திரி 11 மணிக்கு பேக்கப் ஓட ஆரம்பிச்சா போதும், பிஜிபி (நம்ம ரௌட்டரும் ப்ரொவைடர் ரௌட்டரும் ரூட் பரிமாறிக்கற செஷன்) டவுன், தானா அப், மறுபடி டவுன். கேபிள் மாத்தியாச்சு, எஸ்எஃப்பி (போர்ட்ல சொருகுற மாட்யூல்) மாத்தியாச்சு, ப்ரொவைடர்கிட்ட சண்டையும் போட்டாச்சு, கடைசில பாத்தா தப்பு நம்ம மேலதான்.

முதல்ல லாக்க பொறுமையா படிங்க. 'ஹோல்ட் டைம் எக்ஸ்பயர்டு' நோட்டிஃபிகேஷன் நாம அனுப்புனதா, நமக்கு வந்ததான்னு பாக்கணும். வந்ததுன்னா, எதிர்ப்பக்கம் நம்ம கீப்அலைவ், அதாவது 'உயிரோடதான் இருக்கேன்'னு அனுப்புற பாக்கெட், போய்ச் சேரல, அதாவது நம்ம அவுட்கோயிங்லதான் அடி. சிஸ்கோ டிஃபால்ட்ல கீப்அலைவ் 60 செகண்ட், ஹோல்ட் 180, அதனால 3 நிமிஷம் எதுவும் போய்ச் சேரலன்னா செஷன் காலி. லிங்க் செத்தா சட்டுனு கண்டுபிடிக்கற பிஎஃப்டிய 300 மில்லிசெகண்ட், மல்டிப்ளையர் 3ன்னு (அதாவது தொடர்ந்து 3 பாக்கெட் வரலன்னா டவுன்) வச்சிருந்தா இன்னும் மோசம், ஒரு செகண்டுக்குள்ள விழுந்துடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். போர்ட்டோட வேகம் 1 ஜிபிபிஎஸ், ப்ரொவைடர்கிட்ட வாங்கின வேகம் 100 எம்பிபிஎஸ். ரௌட்டரப் பொறுத்தவரை நெரிசலே இல்ல, க்யூ காலியாதான் கெடக்கும், பேக்கப்ப அள்ளி விடுது, அந்தப் பக்கம் ப்ரொவைடரோட போலீசர் (வாங்கின வேகத்துக்கு மேல வர்றத வெட்டுற அமைப்பு) சிஎஸ்6 மாதிரி 'இது முக்கியம்'ங்கற மார்க்கிங்லாம் பாக்காம எல்லாத்தையும் ஒரே மாதிரி வெட்டுது. ரௌட்டர் தன்னோட பிஜிபி பாக்கெட்டுக்கு சிஎஸ்6, அதாவது பாக்கெட் ஹெடர்ல முன்னுரிமை சொல்ற டிஎஸ்சிபி மதிப்பு 48, தானாவே போட்டுத்தான் அனுப்பும், ஆனா பெங்களூரு சில்க் போர்டு டிராஃபிக்ல ஆம்புலன்ஸ் சைரன் அடிச்ச கதைதான், வழி விட எடம் வேணும்ல.

அதனால நெரிசல நம்ம ரௌட்டருக்குள்ளயே கொண்டு வரணும். வெளிப் பாலிசியான பேரன்ட்ல 95 எம்பிபிஎஸ்க்கு ஷேப் பண்ணுங்க, அதாவது அதுக்கு மேல போறத வெட்டாம க்யூல நிறுத்தி வைங்க, ஈதர்நெட் ஹெடர் கணக்குக்காக அந்த 5 விட்டு வைக்கிறது. உள்ள சைல்ட் பாலிசில சிஎஸ்6 மேட்ச் பண்ற கிளாஸுக்கு பேண்ட்வித் 5 பர்சன்ட், இஎஃப் மார்க்கிங்ல வர்ற வாய்ஸ் கால்களுக்கு ப்ரையாரிட்டி, மிச்சம் டிஃபால்ட். பிஜிபி மாதிரி கன்ட்ரோல் பாக்கெட்டையும் ப்ரையாரிட்டி க்யூல போடணும்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அது வேண்டாம்னுதான் தோணுது, கேரன்டி பேண்ட்வித்தே தாராளம்.

யூசர் விஎல்ஏஎன்ல (யூசர் கம்ப்யூட்டர்கள் இருக்கற நெட்வொர்க்) இருந்து ரௌட்டருக்கு உள்ள வர்ற சிஎஸ்6 எல்லாத்தையும் 0-வா மாத்திடுங்க, இல்லன்னா எவனோ ஒருத்தன் அப்லோடு அந்த 5 பர்சன்ட்ல ஏறி உக்காந்துக்கும்.

டவுன்லோடு பக்கம் நம்ம கைல இல்ல, ப்ரொவைடர்கிட்ட அவங்க ரௌட்டர்லயும் இதே மாதிரி போடச் சொல்லுங்க.

செக் பண்ண, பேக்கப் ஓடுறப்பவே 'ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்' அடிங்க. டிஃபால்ட் கிளாஸ்ல ட்ராப் எகிறணும், கன்ட்ரோல் கிளாஸ்ல 0-லயே நிக்கணும். டிஃபால்ட்லயும் ட்ராப் இல்லன்னு சந்தோஷப்படாதீங்க, பாலிசிய தப்பான இன்டர்ஃபேஸ்ல மாட்டியிருப்பீங்க, நான் மாட்டினேன்.