அமாவாசைக் கடலும் தீபாவளி மழையும்: தோட்டத்து வெள்ளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் மேற்குக் கரையில், பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங், கேரித் தீவு போன்ற கரையோரச் செம்பனைத் தோட்டங்களில் மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் வானத்தைத்தான் பார்க்கிறோம். முதல் தவறு அதுதான். கடலையும் பார்க்க வேண்டும்.

இங்கே நிலம் பல இடங்களில் கடல் பெருக்கின் மட்டத்தைவிடத் தாழ்வானது. மண்கரை கட்டித்தான் தோட்டமே நிற்கிறது. நிரையோரச் சிறு கால்வாய்களில் சேரும் மழைநீர் பெரிய கால்வாய்க்குப் போய், வாட்டர் கேட் வழியாக ஆற்றில் விழும். ஆற்றில் பெருக்கு ஏறியதும் அந்தக் கேட் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் கடல் வற்றும் மணிநேரங்களில் மட்டுமே தோட்டத்துத் தண்ணீருக்கு வழி உண்டு. ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு பெருக்கு. கேட் மூடிக்கிடக்கும்போது பெரிய மழை கொட்டினால் தண்ணீர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம்தான் ஏறும்.

அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் பெருக்கு மிக உயரமாக வரும், அதுவும் பெரும்பாலும் ஓரிரு நாள் தள்ளி. தீபாவளி வருவதே ஐப்பசி அமாவாசையை ஒட்டித்தான். பருவக்காற்று மாறும் அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் சாயங்கால இடிமழையும் அப்போதுதான் பலமாக இருக்கும். ஆகவே வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியையும், அவற்றை அடுத்த 3 நாளையும் இப்போதே சிவப்பு மையால் வட்டமிடுங்கள். செலவில்லாத முன்னெச்சரிக்கை இது.

“மழை விட்டாச்சு, இனி பயமில்லை” என்று படுக்கப் போவது அடுத்த தவறு. மேலாற்றில் பெய்த மழை கீழே வந்து சேர நேரம் எடுக்கும். இங்கே வெயில் அடிக்கும்போதும் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோ பஞ்சிர் என்ற வெள்ளத் தகவல் இணையதளத்தில் ஆற்று மட்டம் நோர்மல் (வழக்கம்), வாஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு படிகளாகக் காட்டப்படும். உங்கள் ஊருக்கு மேலே உள்ள நிலையத்தைப் பாருங்கள். அங்கே அமாரான் வந்துவிட்டால் சாமான்களை மேலேற்றும் நேரம் வந்துவிட்டது.

கேட் திறக்கவில்லையே என்ற ஆத்திரத்தில் சிலர் மண்கரையை வெட்டிவிடுகிறார்கள். வெளியே தண்ணீர் உயரமாக இருக்கும்போது கரையை வெட்டினால் ஆறுதான் உள்ளே வரும், உள்ளே நிற்பது வெளியே போகாது. வெட்டிய இடத்தை வேகமான நீர் அரித்து நிமிடத்துக்கு நிமிடம் அகலமாக்கும். கேட்டைத் தொடுவது அதன் பொறுப்பாளருடைய வேலை. நாம் செய்யக்கூடியது வேறு: வெட்டிய மட்டைகளைக் கால்வாய் ஓரத்தில் அடுக்காமல் இருப்பது, சாலைக்கு அடியில் போகும் குழாய்களின் இரு வாயையும் மழைக்காலத்துக்கு முன்பே சுத்தம் செய்வது. ஒரே ஒரு மட்டை குறுக்கே விழுந்தால் போதும், பிளாஸ்டிக் பைகள் வந்து ஒட்டிக்கொண்டு குழாய் அடைத்துவிடும். நீர் ஓடும்போது அடைப்பை எடுக்க இறங்காதீர்கள். குழாய் வாயில் இழுப்பு பயங்கரமாக இருக்கும்.

மின்சாரத்தில்தான் மனம் பதறுகிறது. தரை ஈரமாகும்வரை காத்திருந்து, பிறகு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சை அணைக்கப் போகிறார்கள். தண்ணீர் வாசற்படிக்கு வந்ததும், தரையும் கையும் உலர்ந்திருக்கும்போதே அணைத்துவிடுங்கள். தாமதமாகிவிட்டால் தொடவே வேண்டாம். வெளியேறி, தெனாகா மின்சார நிறுவனத்துக்கு 15454 எண்ணில் சொல்லுங்கள். உயிர் ஆபத்து என்றால் 999. வெள்ளம் வடிந்ததும் “ஒருதடவை போட்டுப் பார்ப்போம்” என்பதும் கூடாது. பிளக் பாயிண்டுக்குள் தங்கிய சேறு பல நாள் ஈரம் காக்கும். உரிமம் பெற்ற வயர்மேன் சோதித்த பிறகே மின்சாரம்.

கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) வால்வை மூடி, தோம்பைச் சுவரோடு கட்டுங்கள், அது மிதக்கும். களைக்கொல்லி, எலிமருந்து டின்கள் உயரத்துக்குப் போகட்டும். பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, நிலப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு எல்லாம் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கக் கூடாது. இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, மைகாட் அடையாள அட்டையோடு கையில் எடுத்துப் போகுங்கள். நம் குடும்பங்கள் ஒரு பத்திரம் தொலைந்ததற்காக எத்தனை வருடம் அலைந்திருக்கின்றன! உறவினர் வீட்டில் தங்கினாலும் நிவாரண மையத்தில் பெயர் பதியத் தவறாதீர்கள். பிறகு உதவி கேட்கும்போது அந்தப் பதிவைத்தான் முதலில் தேடுவார்கள்.

செம்மண் சாலையில் தண்ணீர் ஓடினால் மோட்டார்சைக்கிளை விடாதீர்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் ஆளைச் சாய்க்கும், 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். சேற்று நீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது. நனைந்த கப்சாயை (சிறிய மோட்டார்சைக்கிளை) உதைத்து ஸ்டார்ட் செய்வதும் தவறு. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர் சுருங்காது, அதனால் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெதுவாகச் சில தடவை மிதித்து நீரை வெளியேற்றுங்கள். எஞ்சின் எண்ணெய் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் மாற்ற வேண்டும்.

வீடு கழுவும்போது பூட்ஸும் கையுறையும் கட்டாயம். அலமாரியை நகர்த்தும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள், செம்பனைக் காட்டு நாகம் உலர்ந்த இடம் தேடி வந்திருக்கும். முதலில் சோப்புப் போட்டுச் சேற்றை எடுத்த பிறகே குளோராக்ஸ் என்ற பிளீச், சேற்றின்மேல் ஊற்றினால் அதன் வேலை நடக்காது. 20 லிட்டர் வாளிக்கு ஒரு கப், அதாவது சுமார் 240 மில்லி. கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

எலிச் சிறுநீரால் வரும் கென்சிங் தீக்குஸ் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தலைகாட்டும்: கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண். தொடக்கத்தில் டெங்கி போலவே தெரியும், ஆனால் வைத்தியம் வேறு. கிளினிக்கில் டாக்டர் கேட்கும்வரை காத்திராமல், வெள்ளத்தில் இறங்கிய தேதியை நீங்களே முதலில் சொல்லுங்கள்.