விரலைத் திட்டாதீர்கள்: கைரேகைக் கருவி மாட்டும் தம்பிகளுக்கு

போன வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்குப் போயிருந்தேன். தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள் வருகைப் பதிவுக் கருவியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கொலுசுக்குப் பற்றவைக்கும் பெரியவர் ஒருவர் நான்கு முறை விரல் வைத்தார். நான்கு முறையும் சிவப்பு விளக்கு. "நன்றாக அழுத்துங்கள் அண்ணே" என்றான் ஒருவன். இதையேதான் நானும் பல வருடங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அழுத்தினால் ரேகையின் மேடுகள் நசுங்கிப் பள்ளங்களை மூடிவிடும். தேய்ந்த விரலில் மிச்சமிருப்பதும் போய்விடும்.

கண்ணாடியைத் துடையுங்கள், மின்தடைக்குப் பேட்டரி வையுங்கள் என்பதையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் தாளே சொல்லிவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. அந்தத் தாளில் இல்லாத தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பொருத்த அளவைக் குறைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம். 180 பேர் வேலை செய்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் ஒரே பிற்பகலில் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு வலது கட்டைவிரல் என்று பதிந்துவிட்டு இறங்கினேன். அவ்வளவு வேகமாக முடித்ததில் பெருமை வேறு.

டிசம்பரில் பழம் பறிப்பு தொடங்கியது. குளிரில் வறண்டு வெடித்த விரல்கள். அவற்றின்மேல் பழச்சாற்றுக் கறை. காலை ஏழு மணிக்கு நின்ற வரிசை எட்டரைக்கும் நகரவில்லை. மேற்பார்வையாளர் போன் செய்து கத்தினார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், பொருத்த அளவை, அதாவது ரேகை எவ்வளவு ஒத்துப்போனால் கருவி ஏற்கும் என்ற வரம்பை, குறைத்து வைத்தேன். வரிசை ஐந்து நிமிடத்தில் கரைந்தது. எனக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

கருவி உங்கள் விரலைப் படமாக வைத்துக்கொண்டு பார்ப்பதில்லை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற புள்ளிகளைக் குறித்துவைத்து, எத்தனை ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போடுகிறது. தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தால் உரியவர் எளிதாக நுழைவார். அடுத்தவரும் நுழைவார். ஒன்றைத் தளர்த்தாமல் மற்றதை இறுக்க முடியாது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. எண் எதுவும் தட்டாமல் வெறும் விரலை வைத்தால், கருவி அதை 180 பேரின் பதிவுகளோடும் ஒப்பிடும். இரண்டு பேரின் ரேகை தவறாகப் பொருந்தும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 பேருக்கு நடுவே அது நூற்றில் இரண்டை நெருங்கிவிடும். அளவைக் குறைத்து அதை ஆயிரத்தில் ஒன்றாக்கினால், கிட்டத்தட்ட ஆறு முறைக்கு ஒரு முறை வேறு யாரோ ஒருவரின் பதிவோடு பொருந்திப்போகும். அந்த யாரோ பட்டியலில் முன்னால் இருந்தால் சில கருவிகள் அங்கேயே நின்று "நன்றி" சொல்லிவிடும்.

சம்பள நாளன்று ஒரு அம்மாவுக்குப் பதினோரு நாள் கூலி குறைந்தது. அந்த நாட்கள், கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்த இன்னொரு பெண்ணின் பெயரில் ஏறியிருந்தன. இவருக்குக் கூலி இல்லை; அவர்மேல் திருட்டுப் பழி. "நான் வந்ததை இந்த மலையே பார்த்தது, உன் பெட்டிக்கு மட்டும் தெரியவில்லையா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டார். மேஸ்திரி பழக்கதோஷத்தில் நோட்டில் பெயர் எழுதிவந்ததால்தான் உண்மை தெரிந்தது.

பிறகு இரண்டு நாள் அங்கேயே தங்கி எல்லாரையும் மறுபடி பதிந்தேன். இந்த முறை வேலை நேரத்தில், வேலை செய்யும் கையோடு. இரண்டு கைகளிலும் இரண்டு விரல்கள். முதலில் அட்டையைக் காட்டி, அதன் பிறகு விரல் வைப்பது என்று மாற்றினேன். அப்போது கருவி ஒருவரின் பதிவோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். பொருத்த அளவைப் பழைய இடத்திலேயே வைத்தேன். வரிசை சரியாகவே நகர்ந்தது.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி அமைப்புகளைத் திறந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினேன். பெரியவரின் இடது மோதிர விரலை வைக்கச் சொன்னேன். ரேகை முதல் முறையே விழுந்தது.

கட்டைவிரலோடு நிறுத்துவது

ஆதாரில் பத்து விரல்களையும் இரண்டு கருவிழிகளையும் முகத்தையும் பதிகிறார்கள். நமக்கு மட்டும் என்ன அவசரம்?

மாற்றுவழியை ஒளித்துவைப்பது

தமிழக ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் கைரேகை நடைமுறைக்கு வந்தது. "ரேகை விழவில்லை" என்ற சொல் அப்போதுதான் வீட்டுப் பேச்சாகிவிட்டது. கருவிழிக் கருவிகள் பிறகு வந்தன. விழாத விரல்கள் எப்போதும் சில இருக்கும்: மரவள்ளிக் கிழங்கு உரிப்பவர்கள், தறிக்காரர்கள், வயதானவர்கள். அவர்களுக்கான வழியை முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். இருபது பேர் பார்க்க ஐந்து முறை தோற்றபின் அட்டையை நீட்டுவது அவமானப்படுத்துவது. அப்படி ஒருமுறை கூசிப்போனவர் அதன்பின் எந்தக் கருவியையும் நம்பமாட்டார்.

கைநாட்டு

கருவி எளிதாக இருந்தால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அம்மாபேட்டையில் ஒரு பாட்டி விரல் வைக்க மறுத்தார். அறிவொளி இயக்க வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றவர். "மறுபடியும் என்னைக் கைநாட்டு ஆக்கப் பார்க்கிறாயா?" என்றார். சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. இன்னொருவர், இதை வைத்துப் பத்திரம் எழுதிவிடுவீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. எதைச் சேமிக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், வேலையை விட்டுப் போனால் எப்போது அழிப்பீர்கள் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். முதலாளி முகம் சுளித்தாலும் ஒட்டுங்கள்.

மருதாணி

விரல் நுனியெல்லாம் மருதாணி இருக்கும் கல்யாண மாதங்களில் பதிவு வேண்டாம்.

முகக் கருவியைக் கிழக்கு பார்த்து மாட்டுவது

காலை வெயிலில் எல்லாருமே அந்நியர்தான்.

பழைய கருவி

பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் நினைவகத்தை அழியுங்கள். ஒரு கருவியை நான் எடைக்கு வாங்கிவந்து மின்சாரம் கொடுத்தேன். யாருடைய ஆட்களோ 64 பேர், பெயரோடும் ரேகையோடும் அதற்குள் அப்படியே இருந்தார்கள்.