பெட்டியைப் பிரித்த அன்றே தீர்ப்பா? மவுஸ் ரிவ்யூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலில் வெர்ட்டிகல் மவுஸ் வாங்கிய நாளில் அதை மூன்று முறை கவிழ்த்தேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்து, பழக்கத்தில் மேலிருந்து வைக்கப் போவேன். கை அதன் உச்சியில் இடித்து மவுஸ் சாய்ந்துவிடும். டம்ளரை எடுப்பதுபோலப் பக்கவாட்டில்தான் அதைப் பிடிக்க வேண்டும். அது தெரியாமல் அன்று மாலையே "பார்க்க நன்றாக இருக்கிறது, வேலைக்கு ஆகாது" என்று ரிவ்யூ எழுதிப் போட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துப் பழைய மவுஸைத் தொட்டால், அதுதான் கோணலாகத் தெரிகிறது. எழுதியதைத் திருத்தினேன். ஆனால் முதலில் படித்துவிட்டு வேண்டாமென்று போனவர்கள் திரும்பி வந்தா பார்க்கப் போகிறார்கள்?

வழக்கமான வடிவ மவுஸை அரை மணி நேரத்தில் எடைபோட்டுவிடலாம். கைக்கு அது ஏற்கெனவே தெரிந்த வேலை. வடிவம் மாறினால் அந்தக் கணக்கு செல்லாது. என் கைக்கு வெர்ட்டிகல் பழக ஒரு வாரம் ஆனது. மவுஸ் இருந்த இடத்திலேயே இருக்க, பந்தைக் கட்டைவிரலால் உருட்டிக் கர்சரை நகர்த்தும் ட்ராக்பாலுக்கு இரண்டு வாரம். அந்த நாட்களில் பழைய மவுஸை அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுங்கள். மேசையில் கிடந்தால் அவசரத்துக்குக் கை அதைத்தான் தேடும், புதியதைச் சோதித்ததாகவே ஆகாது.

ட்ராக்பாலில் இரண்டு வாரமும் போதாது என்பேன். பந்து உட்காரும் குழிக்குள் கடுகளவில் மூன்று தாங்கிகள் இருக்கும். விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் அங்கேதான் போய்ச் சேரும். சில வாரங்களில் பந்து சொரசொரவென்று ஓடும், கர்சர் ஒரு பக்கம் போகும்போது மட்டும் திக்கும். பல மாடல்களில் அடியில் ஒரு துளை இருக்கும். பென்சிலின் பின்பக்கத்தை விட்டு அழுத்தினால் பந்து வெளியே வந்துவிடும். நகத்தால் சுரண்டினால் தாங்கிகளிலிருந்து சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் உதிரும். துடைத்துப் போட்டால் மறுபடி வெண்ணெய்போல ஓடும். இதைச் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது, பந்து சுலபமாக வருகிறதா என்பதெல்லாம் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். கம்பெனி கொடுத்த சாம்பிளை அழுக்கு சேரும் முன்பே திருப்பி அனுப்பிவிடுகிறவர் இதை எப்படி எழுதுவார்?

ரப்பர் பூச்சும் இந்த வகைதான். புதிதில் கைக்கு மெத்தென்று இருக்கும். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் இரண்டு கோடை தாண்டினால் சிலவற்றில் பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும். ஒட்டுவதைத் துடைக்கப் போனால் பூச்சே தோல்போல உரிந்து வரும், என்னிடமே ஒன்று அப்படிக் கிடக்கிறது. ஏசி அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தவருக்கு இது தெரிய வழியில்லை. அதனால் பழைய ரிவ்யூக்களுக்கு ஒரு வருடம் கழித்து நாலு வரி சேர்ப்பவர்களை நான் மதிக்கிறேன்.

சரி, அடுத்தது கை. "பிடிக்கச் சௌகரியமாக இருக்கிறது" என்ற வாக்கியத்தை எத்தனை ரிவ்யூவில் படித்திருப்போம்! யார் கைக்கு? மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்து, அந்த எண்ணை முதல் பத்தியிலேயே போட்டுவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். உள்ளங்கை முழுவதையும் மவுஸ்மேல் படுக்கவைக்கிறீர்களா, விரல்களை வளைத்துப் பிடிக்கிறீர்களா, விரல் நுனியால் மட்டும் தள்ளுகிறீர்களா என்பதையும் சொல்ல வேண்டும். லாஜிடெக் 2018-ல் எம்எக்ஸ் வெர்ட்டிகலையும் 2022-ல் லிஃப்ட் என்ற வெர்ட்டிகல் மவுஸையும் கொண்டுவந்தது. இரண்டும் 57 டிகிரி சாய்வுதான். லிஃப்ட், சின்னக் கைக்கும் நடுத்தரக் கைக்கும் என்றே செய்தது. பெரியதை என் தங்கை பிடித்தபோது ஸ்க்ரோல் வீலைத் தொடுவதற்கே கையை மேலே நகர்த்த வேண்டியிருந்தது. எனக்கு அது கச்சிதம். இருவரும் தனித்தனியாக ரிவ்யூ எழுதியிருந்தால் இரண்டும் உண்மை, ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

இடக்கைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். "இரு கைக்கும் ஏற்றது" என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். திருப்பிப் பார்த்தால் உடல் சமச்சீராக இருக்கும், ஆனால் கட்டைவிரல் பட்டன் இரண்டும் இடது பக்கத்தில் மட்டும். அது வலக்கையின் கட்டைவிரலுக்கு. இடக்கையில் பிடித்தால் மோதிர விரலோ சுண்டுவிரலோதான் அதை அமுக்க வேண்டும். எழுதுவதற்கு முன் ஒரு நாள் இடக்கையில் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் முதன்மை பட்டனை வலதுக்கு மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், அது முக்கியம்.

எண்களில் ஏமாறுவது தனிக் கதை. 25,000 டிபிஐ என்று பெட்டியில் தங்க எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு அங்குலம் நகர்த்தினால் 25,000 புள்ளி என்று அர்த்தம். அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் கர்சர் ஏறக்குறைய 984 புள்ளி பாயும். ஃபுல் எச்டி திரையின் அகலமே 1920 புள்ளிதான். ஒரு நெல்மணி அகலத்துக்கு மவுஸை அசைத்தால் கர்சர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் நிற்கும். யாருக்கு வேண்டும் அது? 800-லிருந்து 1600-க்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம். 8000 ஹெர்ட்ஸ் போலிங்கும், அதாவது மவுஸ் நொடிக்கு எத்தனை முறை தன் இடத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது என்ற எண்ணும், இதே ரகம். 1000 ஹெர்ட்ஸ் மவுஸ் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தன் இடத்தைச் சொல்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையோ சுமார் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றுகிறது. வேகமான திரை வைத்துப் போட்டி விளையாடுகிறவருக்கு வேண்டுமானால் பேசலாம். மின்கட்டணம் கட்டவும் எக்செல் திறக்கவும் மவுஸ் தேடுபவரிடம் இந்த எண்ணைக் காட்டி விலையை நியாயப்படுத்துவது சரியில்லை.

ஒரே வேலையை வைத்துச் சோதிப்பதுதான் என் கண்ணில் அதிகம் படும் தவறு. பிரவுசரில் நாலு பக்கம் மேய்ந்துவிட்டு, ஒரு கேம் ஆடிவிட்டு முடித்துவிடுகிறார்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் நாள் முழுக்க வவுச்சர் போடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். எண் பட்டன்கள் கீபோர்டின் வலது ஓரத்தில் இருப்பதால் மவுஸ் இன்னும் தள்ளிப் போகிறது. தோள் வெளிப்பக்கம் விரிந்தபடியே இருக்கிறது. அவருக்குச் சாய்வு கோணத்தைவிட முக்கியம், மவுஸ் எங்கே இருக்கிறது என்பது. கீபோர்டுக்கு முன்னாலேயே கிடக்கும் உருளை வகை, உதாரணமாகக் கான்டூர் ரோலர்மவுஸ், அவருக்காகவே செய்ததுபோல இருக்கும். இடக்கைக்கு மவுஸை மாற்றிக்கொள்வது அதைவிட மலிவு. கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறவர் தலைமுடி ஓரமாகச் செலக்‌ஷன் இழுப்பார். அந்த வேலையில் வெர்ட்டிகல் எனக்குத் தடுமாறியது, ஏனென்றால் விரல் நுனியின் நுண்ணசைவு அதில் குறைந்து, முழங்கையிலிருந்து மொத்தக் கையும் நகர்கிறது. விரல்களால் உருட்டும் பெரிய ட்ராக்பாலில், பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே பந்தை உருட்டி இழுப்பது இன்னொரு வித்தை. இதையெல்லாம் செய்து பார்க்காமல் "டிசைனர்களுக்கு ஏற்றது" என்று எழுதக் கூடாது.

3டி கனெக்‌ஷன் ஸ்பேஸ்மவுஸை வாங்கிவிட்டு "இதில் கர்சரே நகரவில்லை" என்று புலம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அது கேட் (CAD) என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் மாடலைச் சுழற்ற இடக்கையில் வைத்துக்கொள்வது. வலக்கையில் சாதாரண மவுஸ் இருந்தே ஆக வேண்டும். பெயரில் மவுஸ் என்று இருப்பதால் வந்த வினை.

"மணிக்கட்டு வலி போயே போச்சு" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வெர்ட்டிகல் பிடியில் முன்கை முறுக்கிக்கொள்வது குறைகிறது, அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்லலாம். மேசை உயரமாக இருந்து தோள் தூக்கிக்கொண்டிருந்தால் எந்த மவுஸும் காப்பாற்றாது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய் ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறது என்றால் அது நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும் அஃபிலியேட் லிங்க்கைக் கொடுக்காதீர்கள்.

"உலகிலேயே புதுமையான" என்ற வார்த்தையையும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். ட்ராக்பாலுக்கு மவுஸைவிட வயது அதிகம்: கனடா கடற்படைக்காக 1950-களின் தொடக்கத்தில் உருவான டேட்டார் என்ற போர்க்களத் தகவல் கருவியில் பௌலிங் பந்தையே வைத்து உருட்டினார்கள். டக்ளஸ் எங்கெல்பார்ட் குழுவின் முதல் மவுஸ் 1964-ல்தான் வந்தது, மரக்கட்டைக்குள் இரண்டு சக்கரத்தோடு. வடிவப் புதுமை சறுக்கியதும் உண்டு. 1998-ல் ஐமேக்குடன் ஆப்பிள் கொடுத்த வட்ட மவுஸ் படத்தில் கொள்ளை அழகு. ஆனால் கையில் எடுத்தால் எது முன்பக்கம் என்று தடவிப் பார்த்தும் தெரியவில்லை என்று எல்லாரும் திட்டினார்கள். 2000-ல் அதை மாற்றிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு மவுஸைப் பிடித்துப் பார்க்கும் சோதனையை அன்றைக்கு யாராவது செய்திருக்கலாம்.

வயதானவர்களைப் பற்றி ரிவ்யூக்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை. என் பெரியப்பாவுக்குக் கை நடுங்கும். சாதாரண மவுஸில் டபுள் கிளிக் செய்யப் போனால், முதல் கிளிக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கை அசைந்து ஃபைல் வேறெங்காவது இழுபட்டுப் போய்விடும். "பென்ஷன் பேப்பர் எங்கடா போச்சு?" என்று வாரத்துக்கு ஒருமுறை போன் வரும். பந்து பெரிதாகவும் பட்டன் தனியாகவும் இருக்கும் ட்ராக்பாலை வாங்கிக் கொடுத்தேன். கர்சரை வேண்டிய இடத்தில் நிறுத்தி, பந்திலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்புறம் நிதானமாக அமுக்கலாம். கூடவே ஒரே கிளிக்கில் ஃபைல் திறக்கும்படி விண்டோஸில் மாற்றி வைத்தேன். பேப்பர் காணாமல் போவது நின்றது.

ஆனால் நான் சோதிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. அந்த ட்ராக்பாலில் பந்தைப் பிடித்து வைக்க வளையம் எதுவும் கிடையாது. தலைகீழாகக் கவிழ்த்தால் விழுந்துவிடும். பேரன் அதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். இப்போது பெரியப்பா கம்ப்யூட்டரில் உட்காரும் முன் பந்தைச் சோபாவுக்கு அடியில் தேடுகிறார்.