என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணியை ஓய்வுக்காலத்தில் சீரமைக்கும் முறை

யாரை வாங்கலாம் என்பதற்கு முன், யாரெல்லாம் கைவிட்டுப் போகக்கூடும் என்று பாருங்கள். ஜூலை 1 அன்று ஒப்பந்தம் முடிந்தோருக்கான சந்தை திறந்துவிடும். அதற்குள், உரிமை உங்களிடமே இருக்கும் இளம் வீரர்களுக்குத் தகுதி ஒப்பந்தம் (அவர்கள் மீதான உரிமையைத் தக்கவைக்க அணி முன்வைக்கும் புதிய ஒப்பந்தம்) முன்வைக்கத் தவறினால், அவர்கள் ஈடேதுமின்றி வேறு அணிக்குச் சென்றுவிடலாம்.

அடுத்தது ஊதிய உச்சவரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய ஊதியத்தின் எல்லை. 2025-26 பருவத்துக்கு அது 9.55 கோடி டாலர்; கோடையில் 10 சதவீதம் வரை மீறலாம் என்றாலும், பருவம் தொடங்குமுன் கணக்கு நேராக வேண்டும்.

பெரிய ஒப்பந்தமுள்ள வீரரைக் கைமாற்றும்போது, அவரது ஊதியத்தில் பாதி வரை பழைய அணியே சுமக்க விதி அனுமதிக்கிறது. 2023 ஆகஸ்டில் எரிக் கார்ல்சன் என்ற வீரரைப் பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பிய சான் ஹோசே அணி, ஆண்டுக்கு 1.15 கோடி டாலரில் 15 லட்சத்தைத் தானே ஏற்றது. பேரத்தில் வீரரின் திறமையைவிட இந்தப் பங்கீட்டுக்கே நேரம் அதிகம் செலவாகும் என்று எதிர்பாருங்கள். இடமாற்றத் தடைப் பிரிவு (தன் சம்மதமின்றி வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற ஒப்பந்த விதி) உள்ள வீரரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்பதும் நல்லது.

ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறிப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருங்கள்; 26 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு, மீதமுள்ள ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கை, எஞ்சிய காலத்தைப் போல இரு மடங்கு ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்க நேரும்.