கால்வாய்ச் சிரமதானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தைக் கால்வாயைத் துப்புரவாக்கச் சிரமதானத்துக்கு, அதாவது ஊர்கூடிச் செய்யும் தொண்டு வேலைக்கு, ஆட்கள் சேர்ந்தால், முதலில் போய் நிற்பது காலி வீதிப் பாலத்தடியில்தான். அங்கே ஒதுங்கும் குப்பையில் பெரும்பங்கு அங்கே போட்டதல்ல. கோட்டே, கிருலப்பனைப் பக்கத்து மழைநீர் கால்வாய் கால்வாயாக வந்து இங்கேயும் தெஹிவளையிலும் கடலில் விழுகிறது. காலையில் அள்ளி முடித்த இடம், இரவு ஒரு மழை பெய்தால் பழைய கோலத்துக்கே வந்துவிடும். வந்த பிள்ளைகள் மனம் விட்டுப்போவதும் இதனால்தான்.

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் உங்கள் ஒழுங்கை முனையிலுள்ள கான், அதாவது மழைநீர் வடிகால். மழை விட்ட கையோடு போய்ப் பாருங்கள்: சோறு சுற்றும் லஞ்ச் ஷீட், யோகட் கப், மெல்லிய சிலிசிலி பொலித்தீன் பை, இடையிடையே சோற்றுப் பருக்கை, மேலே மினுங்கும் எண்ணெய்ப் படலம். லஞ்ச் ஷீட்டைக் கையால் எடுத்துவிடலாம். எண்ணெய் அப்படியல்ல, யாரோ சமையலறைக் குழாயை மழைநீர்க் கானுக்குள் விட்டிருக்கிறார்கள். இடம், நேரம், படம் மூன்றையும் வைத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. ஒழுங்கைக்காரர் சேர்ந்து கையெழுத்து வைத்தால் கடிதத்துக்கு வலு கூடும். ஒருநாள் குப்பை அள்ளுவதைவிட இந்தக் கடிதம் பெரிய தொண்டு என்றே நினைக்கிறேன்.

கரையில் பச்சையாகத் தெரிவதையெல்லாம் வெட்டித் தள்ளுவது அடுத்த தவறு. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது இந்தப் பற்றைகளாலும் சதுப்பாலும்தான். கோட்டே, கொலன்னாவைச் சதுப்புகள் மழைநீரைத் தாங்கிக்கொள்வதால் ஊருக்குள் ஏறும் வெள்ளம் குறைகிறது. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் ஒளிந்திருப்பது அந்த நாணலுக்குள். களையவேண்டிய அந்நியச் செடிகளும் உண்டு. சிங்களத்தில் வெல் ஆத்த எனப்படும் மரம் சதுப்பை மூடிப் பரவுகிறது, அதன் விதை தண்ணீரில் மிதந்து போய் முளைக்கும். ஆகவே காய்களை நீரில் தள்ளாதீர்கள். ஆகாயத்தாமரையைப் பிடுங்கினால் கரையோரத்திலேயே குவிக்காமல் தள்ளிக் கொண்டுபோய்ப் போடுங்கள். ஒரு துண்டு திரும்ப விழுந்தாலும் தழைத்துவிடும். எது எதுவென்று தெரியாதவரை கத்தி வேண்டாம்.

செருப்போடு தண்ணீரில் இறங்குவதும் கூடாது. எலிக்காய்ச்சல் காலிலுள்ள சிறு கீறல் வழியாகக்கூட ஏறும். முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள், புண் இருந்தால் கரையிலேயே நில்லுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால், கால்வாயில் இறங்கியதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். முதலை தென்பட்ட இடமென்றால் இறங்கவே வேண்டாம்.

அள்ளிய உரப்பைகளைக் கரையில் விட்டுப் போவது பல குழுக்கள் செய்வது. அடுத்த மழையில் அவை நாய் கிழித்த நிலையில் மீண்டும் கால்வாய்க்குள் கிடக்கும். மாநகரசபை லொறி எப்போது வரும் என்பதைச் சிரமதானத் திகதி குறிக்குமுன்பே பேசி உறுதிசெய்யுங்கள். போத்தலையும் தகரத்தையும் அந்த இடத்திலேயே பிரித்து மீள்சுழற்சிக்குக் கொடுங்கள். குப்பையைக் குவித்துக்கொண்டே போனால் என்ன நேரும் என்பதைக் கண்டோம்: 2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லயில் குப்பைமேடு சரிந்து வீடுகளோடு மனிதரையும் புதைத்தது. அந்த மேடு எழுந்ததும் கொலன்னாவைச் சதுப்போரத்தில்தான்.